ரூபி ஃபைபர் ஷெட்யூலர்: எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் ஐந்து விநாடி நிற்கிறது, ஏன்?

எர்ணாவூர்க்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை செய்கிறேன். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற கம்பெனி. சொந்த வண்டி, அட்டாச்சுடு வண்டி எல்லாம் சேர்த்தால் நானூறை ஒட்டி வரும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ஜிபிஎஸ் பெட்டி. அந்தப் பெட்டியே எங்கள் சர்வருக்கு டிசிபி இணைப்பு போட்டு, வண்டி ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு வரி அனுப்பும். பெட்டி எண், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், இக்னிஷன். கமா போட்டுப் பிரித்த ஒரே வரி, அவ்வளவுதான்.

சர்வர் செய்ய வேண்டியது மூன்று வேலை. வரியைப் பிரித்து எஸ்கியூலைட் டேட்டாபேஸில் எழுத வேண்டும். எழுதியதும் பெட்டிக்கு "கிடைத்தது" என்று ஒரு பதில் அனுப்ப வேண்டும். வண்டி காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கமோ சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கமோ நுழைந்தால் சரக்கு முகவரின் சர்வருக்கு ஒரு எச்டிடிபி அழைப்பு போட வேண்டும்.

முன்பு இணைப்புக்கு ஒரு திரெட் என்று இருந்தது. இப்போது ரூபி 3.3, அசிங்க் ஜெம் (ரூபி லைப்ரரி) என்று மாற்றி, இணைப்புக்கு ஒரு ஃபைபர் (ஒரே திரெட்டுக்குள் முறை மாறி ஓடும் சின்ன வேலை) ஆக்கியிருக்கிறேன். கோடு சுருங்கிவிட்டது, மெமரியும் குறைந்தது. பெரும்பாலான நேரம் அருமையாக ஓடுகிறது.

பிரச்சினை இதுதான். சில நேரம் எல்லா இணைப்பும் ஒன்றாக நிற்கிறது. லாகில் 18:12:07-க்கு ஒரு வரி, அடுத்த வரி 18:12:12. நடுவில் ஒரு வண்டியிலிருந்தும் ஒன்றும் இல்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல்தான் இது அதிகம். அந்த நேரத்தில் சிபியு சும்மா இருக்கிறது, மெமரியும் தாராளமாக இருக்கிறது.

ஐந்து விநாடிதானே என்று விட முடியவில்லை. மூன்று விநாடிக்குள் பதில் போகாவிட்டால் பெட்டி இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி வரும். நானூறு பெட்டியும் ஒன்றாகத் துண்டித்து ஒன்றாக வந்தால், தேங்கிய வரிகளையெல்லாம் மொத்தமாகக் கொட்டும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி வரிசையில் நிற்கும்போது எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று முகவர்கள் போனில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரம் பார்த்து எங்கள் ஸ்கிரீன் பழைய இடத்தைக் காட்டுகிறது.

ஃபைபர்களுக்கு முறை பிரித்துக் கொடுக்கும் ஃபைபர் ஷெட்யூலர் வந்த பிறகு ஐஓ (படிப்பது, எழுதுவது) எல்லாம் நான்-பிளாக்கிங், அதாவது ஒன்று காத்திருந்தாலும் மற்றவற்றை நிறுத்தாது என்றுதான் படித்தேன். அப்படியென்றால் ஏதோ ஒன்று எப்படி எல்லாவற்றையும் நிறுத்த முடியும்? பழையபடி திரெட்டுக்கே போய்விடலாமா?

---

மாதவரத்தான் பதில்:

ஐந்து விநாடி என்று பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றுவது டிஎன்எஸ். லினக்ஸின் டிஎன்எஸ் செட்டிங் ஃபைலான ரிசால்வ் கான்ஃபில் நீங்கள் எதுவும் மாற்றாவிட்டால், ஒரு நேம்சர்வர் பதில் தராதபோது காத்திருக்கும் நேரம் 5 விநாடி. அப்புறம்தான் அடுத்ததைக் கேட்கும். முகவரின் சர்வருக்கு எச்டிடிபி அழைப்பு போகும்போது பெயரை முகவரியாக மாற்ற வேண்டுமே, அங்கே மாட்டிக்கொள்ளலாம். சாயந்திரம் கேட்டில் வண்டி அதிகம் நுழையும் நேரம் என்றால் இன்னும் பொருந்துகிறது.

இன்னொன்று, நானூறு இணைப்புக்கு ஃபைபர் கட்டாயம் இல்லை என்பது என் கருத்து. ரூபி திரெட் ஐஓவுக்காகக் காத்திருக்கும்போது ஜிவிஎல் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் ரூபி கோடை ஓட்ட விடும் பூட்டு) விட்டுவிடும், மற்றவை ஓடும். ஒரு திரெட் கணக்கு போட்டுக்கொண்டே இருந்தாலும் 100 மில்லிசெகண்டில் ரூபி அதனிடமிருந்து முறையைப் பிடுங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். ஃபைபரில் அந்தப் பிடுங்கல் கிடையாது, தானாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. உங்கள் அளவுக்குத் திரெட்டே பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

---

பழைய_வண்ணை பதில்:

எர்ணாவூர் தம்பி, திரெட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு இந்த விஷயத்தில் பிடிப்பு உண்டு, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃபைபர் ரூபி 1.9 காலத்திலிருந்தே இருக்கிறது. 2020 டிசம்பர் 25 அன்று வந்த 3.0-இல் புதிதாகச் சேர்ந்தது ஷெட்யூலர் என்ற இடைமுகம். இதைக் கொண்டுவந்தவர் சாமுவேல் வில்லியம்ஸ், நீங்கள் பயன்படுத்தும் அசிங்க் ஜெம்மை எழுதியவரும் அவரே. ரூபி தன்னோடு ஷெட்யூலர் எதையும் தருவதில்லை. "காத்திருக்க வேண்டிய இடம் வந்தால் நான் உன்னைக் கூப்பிடுகிறேன், நீ பார்த்துக்கொள்" என்று சில ஹூக்குகளை மட்டும் வைத்திருக்கிறது. கட்டாயமானவை நான்கு: ஐஓ வெயிட், கெர்னல் ஸ்லீப், பிளாக், அன்பிளாக். இவற்றை எழுதிய ஒரு ஆப்ஜெக்ட்டை அந்தத் திரெட்டுக்கு ஷெட்யூலராக வைக்க வேண்டும். அசிங்க் அதை உங்களுக்காகச் செய்கிறது.

உங்கள் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு வரி படிக்கும்போது நடப்பதைப் பாருங்கள். ஃபைபர் கெட்ஸ் (ஒரு வரி படி) என்று கேட்கிறது. ரூபி சாக்கெட்டில் படித்துப் பார்க்கிறது. டேட்டா இன்னும் வரவில்லை என்றால் லினக்ஸ் கர்னல் ஈஅகெய்ன் (இப்போது முடியாது, அப்புறம் கேள்) என்று திருப்பி அனுப்பும். 3.0-இலிருந்து சாக்கெட்டும் பைப்பும் இயல்பாகவே நான்-பிளாக்கிங் நிலையில் இருப்பதால்தான் இந்தப் பதில் உடனே வருகிறது. உடனே ரூபி, "இந்தத் திரெட்டில் ஷெட்யூலர் இருக்கிறதா, இது நான்-பிளாக்கிங் ஃபைபரா?" என்று பார்த்து, ஆமாம் என்றால் ஐஓ வெயிட் ஹூக்கைக் கூப்பிடும். ஷெட்யூலர் அந்த சாக்கெட்டை ஈபோலில் (எந்த சாக்கெட்டில் டேட்டா வந்தது என்று சொல்லும் லினக்ஸ் வசதி) பதிந்துவிட்டு, வேறு ஃபைபருக்கு முறையைக் கொடுக்கும். எல்லா ஃபைபரும் காத்திருக்கும் நிலையில்தான் ஈபோல் வெயிட்டில் போய் உட்காரும். டேட்டா வந்ததும் அந்த ஃபைபர் விட்ட இடத்திலிருந்து தொடரும். உங்கள் கோடு சாதாரணமாக வரிசையாக எழுதிய கோடாகவே இருக்கும், கால்பேக் எதுவும் வேண்டாம். எனக்கு இதில் மிகவும் பிடித்ததே அதுதான்.

ஆனால் பாருங்கள், இது முழுக்க ஒரு நிபந்தனையில் நிற்கிறது. காத்திருப்பு ரூபிக்குத் தெரிந்து நடக்க வேண்டும். ஏதாவது ஒரு சி லைப்ரரி உள்ளே போய், ரூபியிடம் சொல்லாமல் தானே தூங்கினால், ஹூக் கூப்பிடப்படாது, ஷெட்யூலருக்குச் சேதியே போகாது. ஜீரோ கேட்டில் நீங்கள் தினமும் பார்ப்பதுதான். பேப்பர் வராத வண்டி ஓரம் கட்டினால் பின்னால் இருப்பது நகரும். லேனுக்கு நடுவில் இன்ஜின் ஆஃப் ஆகி நின்றுவிட்டால் எத்தனை வண்டிக்கு பேப்பர் சரியாக இருந்தும் பயன் இல்லை. ஃபைபர்கள் எல்லாம் ஒரே திரெட்டில், அதாவது ஒரே லேனில் போகிறவை.

அதனால் உங்கள் கோடில் தேட வேண்டியது "எங்கே காத்திருப்பு நடக்கிறது, அது யார் மூலம் நடக்கிறது" என்பதை மட்டும்தான். உங்கள் மூன்று வேலையையும் அப்படிப் பார்த்தால்:

சாக்கெட்டில் படிப்பதும் எழுதுவதும் ரூபி வழியாக நடக்கிறது, அதில் பயம் இல்லை.

எச்டிடிபி அழைப்பும் அப்படித்தான். நெட் எச்டிடிபியைப் பயன்படுத்தினால்கூட ஷெட்யூலர் இருக்கும்போது அது தானாகவே ஒழுங்காக நடந்துகொள்ளும். மாதவரத்தார் சொன்ன பெயர் தேடல் நியாயமான சந்தேகம். கெட்அட்ரின்ஃபோ சி லைப்ரரியின் செயல், உள்ளே போனால் பதில் வரும்வரை வெளியே வராது. ஆனால் 3.1-இல் அட்ரஸ் ரிசால்வ் என்று தனி ஹூக் வந்துவிட்டது, அசிங்க் அதை எழுதியிருக்கிறது. நீங்கள் 3.3-இல் இருப்பதால் அது நிற்கக் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

மிச்சம் இருப்பது எஸ்கியூலைட். என் சந்தேகம் முழுக்க இங்கேதான். எஸ்கியூலைட்டுக்கு சர்வர் கிடையாது, சாக்கெட்டும் கிடையாது. அது உங்கள் புரோகிராமுக்குள்ளேயே ஓடும் சி கோடு. ஃபைலில் எழுதுவது, டிஸ்க்கில் இறங்கும்வரை நிற்பது, வேறு ஆள் வைத்திருக்கும் பூட்டுக்காகக் காத்திருப்பது எல்லாமே அந்த சி கோடுக்குள் நடக்கும். ரூபியின் எஸ்கியூலைட் ஜெம் இந்த நேரத்தில் ஜிவிஎல்லைக்கூட விடுவதில்லை. அதனால் மாதவரத்தார் மன்னிக்க வேண்டும், திரெட்டாக இருந்தாலும் இதே கதைதான். ஒரு திரெட் எஸ்கியூலைட்டுக்குள் தூங்கினால் மற்ற திரெட் அத்தனையும் ஜிவிஎல்லுக்காக நிற்கும். ரூபி 3.4-இல் பிளாக்கிங் ஆபரேஷன் வெயிட் என்று புதிய ஹூக் வந்திருக்கிறது, கனமான சி வேலைகளை வேறு திரெட்டுக்குத் தள்ளிவிட. ஆனால் அதுவும் ஜிவிஎல்லை விட்டுக்கொடுக்கும் கோடுக்கு மட்டும்தான்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது: டேட்டாபேஸைத் திறக்கும் இடத்தில் பிஸி டைம்அவுட் (பூட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது) என்று ஏதாவது வைத்திருக்கிறீர்களா, எவ்வளவு? சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் அதே டேட்டாபேஸ் ஃபைலை வேறு எந்தப் புரோகிராம் திறக்கிறது?

யூகத்தில் கை வைக்க வேண்டாம். அடுத்த முறை நிற்கும் நேரத்தில் எஸ்ட்ரேஸை (புரோகிராம் கர்னலிடம் கேட்கும் சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) அந்த புராசஸ் மேல் ஓட்டிப் பாருங்கள். வேலை இல்லாமல் சும்மா இருக்கும் ஃபைபர் புரோகிராம் ஈபோல் வெயிட்டில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு எந்த சிஸ்டம் காலில் உட்கார்ந்திருந்தாலும் அதுதான் நீங்கள் தேடும் ஆள்.

அப்புறம், கேட்காத ஒன்றும் சொல்கிறேன். வண்டி சிக்னல் இல்லாத இடத்துக்குள் போய் பெட்டி அப்படியே செத்துப்போனால், உங்கள் பக்கம் இணைப்பு முடிந்ததே தெரியாது. அந்த ஃபைபர் வராத வரிக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கீப்அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் டிசிபி சோதனை) போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், லினக்ஸில் மாற்றாமல் விட்டால் முதல் சோதனையே 7200 விநாடி கழித்துத்தான். ரூபி 3.2-இலிருந்து ஐஓ ஆப்ஜெக்ட்டுக்கே டைம்அவுட் வைக்கலாம். பத்து விநாடிக்கு ஒரு வரி வரும் பெட்டிக்கு ஒன்றரை நிமிடம் போதும். நின்ற வண்டி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அனுப்பும் என்று பார்த்து அதற்கேற்ப வையுங்கள். நேரம் கடந்தால் எக்செப்ஷன் வரும், சாக்கெட்டை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் திறந்த ஃபைல்களின் எண்ணிக்கை மெதுவாக ஏறி, வழக்கமான 1024 வரம்பில் ஒருநாள் முட்டும்.

---

எர்ணாவூர்க்காரன் பதில்:

அக்கா, மிக்க நன்றி. பிஸி டைம்அவுட் 5000 என்று இருக்கிறது, அதாவது ஐந்து விநாடி. ஆறு மணிக்கு மேல் பில்லிங்கில் அன்றைய டிரிப் ஷீட் எடுப்பார்கள். அது தனி புரோகிராம், அதே மெஷின், அதே ஃபைல். ஒவ்வொரு வண்டியின் ஓட்டத்தையும் வரிவரியாகப் படித்து எக்செல்லில் எழுதும்.

நேற்று பில்லிங்கில் சொல்லிவைத்து, அவர்கள் ரிப்போர்ட் போடும் நேரத்தில் எஸ்ட்ரேஸை ஓட்டினேன். நின்ற அந்த ஐந்து விநாடி முழுக்கத் திரையில் இரண்டே இரண்டு வரி மாறி மாறி வந்தது. ஒன்று எஃப்சிஎன்டிஎல் (ஃபைலில் பூட்டு கேட்கும் சிஸ்டம் கால்), அதில் எஃப் செட்எல்கே, எழுதும் பூட்டு, தொடக்கம் 1073741826, நீளம் 510, பதில் ஈஅகெய்ன். அடுத்தது நானோஸ்லீப். முதலில் 1 மில்லிசெகண்ட், அப்புறம் 2, 5, 10, 15, 20, 25 என்று ஏறி, கடைசியில் 100, 100, 100 என்றே போய்க்கொண்டிருந்தது. ஈபோல் ஒரு முறைகூட வரவில்லை. ரிப்போர்ட் முடிந்த அடுத்த நொடி எல்லாம் சரியானது.

மாதவரம் அண்ணா, நீங்கள் சொன்னதால் பழைய திரெட் காலத்து லாகையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் சாயந்திரங்களில் அதே இடைவெளி இருக்கிறது. அப்போது பெட்டிகளின் பழைய ஃபர்ம்வேர் பதிலுக்காக அரை நிமிடம் காத்திருக்கும், அதனால் இணைப்பு துண்டிக்கவில்லை.

ஒரு சந்தேகம். எஸ்கியூலைட் வேலையை மட்டும் தனித் திரெட்டில் வைத்து, ஃபைபர்கள் கியூ வழியாக அதனிடம் வரியைக் கொடுத்தால் போதாதா?

---

மாதவரத்தான் பதில்:

பூட்டு என்று தெளிவாகிவிட்டது, டிஎன்எஸ் இல்லை. பழைய லாகிலும் இருக்கிறது என்பதால் திரெட்டுக்குத் திரும்பும் யோசனையை விட்டுவிடுங்கள்.

---

பழைய_வண்ணை பதில்:

அழகாகப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. அந்த எண்களே கதையைச் சொல்கின்றன. 1073741826 என்பது எஸ்கியூலைட் ஃபைலில் படிப்பவர்களுக்கான பூட்டுப் பகுதி தொடங்கும் இடம், 510 பைட் அதன் நீளம். எழுதுபவர் கமிட் செய்ய அந்தப் பகுதி முழுவதையும் தனக்கென்று பூட்ட வேண்டும். உங்கள் ரிப்போர்ட் படித்துக்கொண்டே இருப்பதால் அதில் ஒரு துண்டு அவர்கள் கையில் இருக்கிறது. கிடைக்கவில்லை, கொஞ்சம் தூங்கு, மறுபடி கேள். 1, 2, 5, 10 என்று ஏறுவது எஸ்கியூலைட்டின் பிஸி ஹேண்ட்லருக்குள் இருக்கும் அட்டவணை. அந்தத் தூக்கம் முழுக்க சி கோடுக்குள் நடக்கிறது. ரூபியில் நீங்கள் ஸ்லீப் என்று எழுதியிருந்தால் கெர்னல் ஸ்லீப் ஹூக் வழியாகப் போய் மற்ற ஃபைபர்கள் ஓடியிருக்கும். இதில் அந்த வழியே கிடையாது.

தனித் திரெட் போதாது. கியூ நல்ல பொருள்தான், அதில் காத்திருக்கும் ஃபைபர் பிளாக், அன்பிளாக் ஹூக் வழியாகத்தான் காத்திருக்கும், மற்றவரைத் தடுக்காது. ஆனால் அந்தத் தனித் திரெட் எஸ்கியூலைட்டுக்குள் தூங்கும்போது ஜிவிஎல்லைப் பிடித்துக்கொண்டே தூங்கும். உங்கள் ஃபைபர்கள் ஓடும் திரெட்டுக்கு முறையே வராது. தனி புராசஸ்தான் சரி.

இரண்டு படியாகச் செய்யுங்கள். இன்றைக்கே செய்யக்கூடியது, ஜர்னல் மோடை வால் (WAL, ரைட்-அஹெட் லாக்) ஆக்குவது. எஸ்கியூலைட் 3.7.0-இல், 2010-இல் வந்த வசதி. ஒரே ஒரு பிராக்மா (எஸ்கியூலைட்டின் செட்டிங் கட்டளை), ஒருமுறை போட்டால் அந்த ஃபைலோடு தங்கிவிடும். இந்த முறையில் எழுதுவது தனி ஃபைலில் சேரும், படிப்பவர் எழுதுபவரைத் தடுக்கமாட்டார், எழுதுபவர் படிப்பவரைத் தடுக்கமாட்டார். இரண்டும் ஒரே மெஷினில் இருப்பதால் உங்களுக்குப் பொருந்தும். நெட்வொர்க் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலுக்கு இது ஆகாது, நாளைக்கு பில்லிங்கை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது நினைவில் வையுங்கள். சிங்க்ரனஸ் என்ற செட்டிங்கை நார்மல் ஆக்கினால் ஒவ்வொரு கமிட்டுக்கும் டிஸ்க்கைத் தட்டாது. கரண்ட் போனால் கடைசி சில கமிட்டுகள் போகலாம், ஆனால் ஃபைல் கெடாது.

இரண்டாவது படி, எழுதுவதற்குத் தனி புராசஸ். ஃபைபர் சர்வருக்கும் அதற்கும் நடுவில் யுனிக்ஸ் சாக்கெட். சாக்கெட் என்பதால் காத்திருப்பெல்லாம் ஷெட்யூலர் வழியாகவே நடக்கும். எழுதும் புராசஸ் எத்தனை முறை தூங்கினாலும் உங்கள் இணைப்புகள் உயிரோடு இருக்கும்.

இங்கே ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வரியை எழுதும் புராசஸிடம் கொடுத்தவுடனே பெட்டிக்கு "கிடைத்தது" என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லக்கூடாது. அந்தப் பதில் போனதும் பெட்டி தன் நினைவிலிருந்து அந்த வரியை அழித்துவிடும். நடுவில் உங்கள் புராசஸ் விழுந்தால் அந்த வரி எங்கேயும் இல்லை. டிரிப் ஷீட்டின் கிலோமீட்டரிலிருந்துதான் டிரைவர் பேட்டாவும் டீசல் கணக்கும் போடுவார்கள் இல்லையா? அங்கே இரண்டு வரி விட்டுப்போனால் ஒரு டிரைவர் ஆபீஸ் வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் எழுதும் புராசஸ் அரை விநாடிக்கு ஒருமுறை, சேர்ந்த வரிகளையெல்லாம் ஒரே டிரான்சாக்‌ஷனில் கமிட் செய்யட்டும். கமிட் ஆனதும் "இந்த எண் வரை முடிந்தது" என்று சாக்கெட்டில் ஒரு வரி திருப்பி அனுப்பட்டும். அதைப் படித்த பிறகு காத்திருக்கும் ஃபைபர்களை எழுப்பி அவரவர் பெட்டிக்குப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி மூன்று விநாடி பொறுக்கும், நீங்கள் அரை விநாடியில் முடிக்கிறீர்கள். நானூறு தனித்தனி கமிட்டைவிட ஒரு பெரிய கமிட் டிஸ்க்குக்கும் எவ்வளவோ மேல். இந்தப் புராசஸில் மட்டும் சிங்க்ரனஸை ஃபுல் என்றே வைத்துவிடலாம். விநாடிக்கு இரண்டு முறை டிஸ்க்கைத் தட்டுவது ஒரு பாரமே இல்லை, கரண்ட் போனாலும் பதில் சொன்ன வரி பத்திரமாக இருக்கும்.

---

மணலி_ஷிப்ட் பதில்:

பழைய வண்ணை அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன், எம்.எஃப்.எல். சந்திப்புப் பக்கம் ஒரு யார்டில் இதே மாதிரி பெட்டிகளோடு வேலை பார்ப்பதால்.

பெட்டிகள் மொத்தமாகத் திரும்பி வந்து தேங்கிய வரிகளைக் கொட்டும் நேரத்தைத் தனியாகச் சோதியுங்கள். அங்கே வேறு விதமான நிறுத்தம் வரும். கெட்ஸ் கேட்கும்போது டேட்டா ஏற்கெனவே வந்து கிடந்தால் ரூபிக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஐஓ வெயிட் கூப்பிடப்படாது. அந்த ஃபைபர் ஒரு வரி படிக்கும், பிரிக்கும், அடுத்த வரி படிக்கும். ஆயிரம் வரி கிடந்தால் ஆயிரமும் முடியும்வரை வேறு யாருக்கும் முறை கிடைக்காது. மாதவரத்தார் சொன்ன "பிடுங்கல் கிடையாது" என்பது இந்த இடத்தில்தான் உறைக்கும்.

ஐம்பது வரிக்கு ஒருமுறை சுழற்சிக்குள் ஸ்லீப் பூஜ்யம் என்று ஒரு வரி போடுங்கள். அது ஷெட்யூலருக்குப் போய், மற்றவர்களுக்கு முறை கொடுத்துவிட்டுத் திரும்பும். அக்கா சொன்னபடி பதிலுக்காகக் காத்திருந்தால் இயல்பாகவே இடைவெளி வந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் எங்கள் பெட்டிகளில் ஒரு மாடல் தேங்கிய வரிகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எதிர்பார்க்காமல் முழுக்கட்டாக அனுப்பிவிட்டுக் கடைசியில் ஒரே பதில் கேட்கும். உங்கள் பெட்டியின் கையேட்டில் அதைப் பாருங்கள்.

நீங்கள் லாக் எழுதும் ஃபைலையும் கவனியுங்கள். சாதாரண ஃபைலை ஈபோலில் சேர்க்கவே முடியாது, கர்னல் ஈபெர்ம் என்று மறுத்துவிடும். அதனால் டிஸ்க் ஃபைலில் எழுதுவது நேரடியாகத்தான் நடக்கும். பெரும்பாலும் நினைவகத்தில் எழுதிவிட்டு உடனே திரும்பும், தெரியாது. டிஸ்க் திணறும் நேரத்தில் தெரியும். ஐஓ யூரிங் (டிஸ்க் ஃபைலுக்கும் பொருந்தும் லினக்ஸ் வசதி) உள்ள கர்னலில் அசிங்க்குக்கு அடியில் இருக்கும் ஐஓ ஈவென்ட் ஜெம் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். எனக்கு எளிதாகப் பட்டது லாகை ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் தள்ளி சிஸ்டம்டியிடம் விட்டுவிடுவதுதான்.

---

எர்ணாவூர்க்காரன் பதில்:

வால் மோடு போட்டாயிற்று. பில்லிங்கில் ரிப்போர்ட் ஓடும்போதே லாகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வரிகள் விடாமல் வந்தன. எஸ்ட்ரேஸிலும் ஈபோல் வெயிட்தான். தனி புராசஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன், பதில் விஷயத்தை அக்கா சொன்ன மாதிரியே வைக்கிறேன். எங்கள் கையேட்டைப் பார்த்துவிட்டேன், மணலி அண்ணா. எங்கள் மாடலும் கட்டாக அனுப்புகிற மாடல்தான், அதனால் ஸ்லீப் பூஜ்யம் சேர்த்துவிட்டேன்.

இப்போது ஒன்று மட்டும் புரியவில்லை. டேட்டாபேஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் இருக்கும் வால் ஃபைல் ரிப்போர்ட் நேரத்தில் பெரிதாகிக்கொண்டே போகிறது, அப்புறம் சுருங்குவதும் இல்லை. விட்டுவிடலாமா?

---

பழைய_வண்ணை பதில்:

வால் ஃபைலில் 1000 பக்கம் சேர்ந்ததும் எஸ்கியூலைட் தானாகவே அதை மெயின் ஃபைலுக்கு மாற்றும். ஆனால் யாராவது பழைய நிலையைப் படித்துக்கொண்டிருந்தால் அந்த இடத்தைத் தாண்டி மாற்ற முடியாது, ஃபைலின் தொடக்கத்திலிருந்து மறுபடி எழுதவும் முடியாது. உங்கள் ரிப்போர்ட் வரிவரியாகப் படித்து எக்செல் எழுதுவதால், எக்செல் முடியும்வரை அந்த ஸ்டேட்மென்ட் திறந்தே இருக்கிறது. முதலில் ஒரு வண்டிக்கான வரிகளை முழுக்கப் படித்து அரேயில் வைத்து, ஸ்டேட்மென்டை மூடிவிட்டு, அப்புறம் எக்செல்லில் எழுதச் சொல்லுங்கள். வண்டிக்கு வண்டி பூட்டு விடுபடும், ஃபைல் ஓர் அளவுக்கு மேல் வளராது. வளர்ந்தது தானாகச் சுருங்காது, அடுத்து எழுதுபவை அதே இடத்தைத் திரும்பப் பயன்படுத்தும். டிஸ்க்கில் இடம் வேண்டும் என்றால் ராத்திரி ரிப்போர்ட் எல்லாம் முடிந்த பிறகு வால் செக்பாயின்ட் பிராக்மாவை டிரங்கேட் என்று ஒருமுறை கொடுங்கள். அதையும் எழுதும் புராசஸிலேயே கொடுங்கள், ஃபைபர் சர்வரில் வேண்டாம்.